ஏடிவி ஓட்ட இரண்டு நாள்: மதுரைப் பக்கம் தடம் எங்கே, தங்க இடம் எங்கே?

புதூர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் கழிந்த அடுத்த வார இறுதிக்கு ஒரு திட்டம் போடுகிறேன், உங்கள் யோசனை வேண்டும்.

அண்ணன் குடும்பம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அவர் அங்கே மேற்கு வர்ஜீனியாவில் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் தடங்களில் பலமுறை ஏடிவி (மண்தடத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) ஓட்டியிருக்கிறார். 2000ஆம் ஆண்டில் திறந்தவை, இன்றைக்கு ஆயிரம் மைலுக்கு மேல் நீளம். பழைய நிலக்கரி ஊர்களை ஒட்டிப் போகும் தடங்கள் என்பதால், பல ஊர்களில் தங்கும் அறை வாசலில் வண்டியைக் கிளப்பி, ஊர்த்தெரு வழியாகவே தடத்தில் ஏறிவிடலாமாம். சாயங்காலம் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்து அறை வாசலிலேயே நிறுத்தலாமாம். "நம் மண்ணில் ஒருநாள் இப்படி ஓட்டணும்டா" என்று ஐந்து வருடமாகச் சொல்கிறார்.

மொத்தம் ஒன்பது பேர். பெரியவர்கள் ஐந்து, அம்மா (68 வயது), பிள்ளைகள் மூன்று (15, 12, 8). வண்டிகளை வாடகைக்குத் தர ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்: பெரிய வண்டி இரண்டு, பிள்ளைகள் ஓட்டும் 90 சிசி ஒன்று.

நான் நினைத்திருப்பது இது. முதல் நாள் அழகர்மலை அடிவாரம். மறுநாள் மேலூர்ப் பக்கம் கண்மாய்க் கரைகளில் ஒரு சுற்று. தங்குவதற்கு மதுரையில் கோயில் பக்கம் ஒரு லாட்ஜ். இது சரிவருமா?

மேலூர்க் கலுங்கு

தம்பி, அண்ணனுடைய ஆசை புரிகிறது. ஆனால் நீங்கள் குறித்திருக்கும் இரண்டு இடமுமே வேண்டாம்.

அழகர்மலை காப்புக்காடு. அடிவாரத்தில் தெரியும் வண்டித்தடம் வனத்துறை ஜீப்பும் மாடு மேய்ப்பவர்களும் போகிற பாதை. அங்கே அனுமதியில்லாமல் நடந்து போனாலே கேள்வி வரும், ஏடிவி என்றால் வழக்குத்தான். கிழக்கே அரிட்டாபட்டியையும் யோசிக்காதீர்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம் அது. அந்தப் பாறைகளில் வல்லூறு கூடு கட்டுகிறது.

கண்மாய்க் கரையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அப்பா மடை திறந்து தண்ணீர் பாய்ச்சியவர். கரை பார்ப்பதற்கு மண்ரோடு மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது வெறும் மண். மேலே படர்ந்த புல்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. உங்கள் வண்டி டயரில் விரல் கனத்துக்குப் பல் இருக்கும். பத்துச் சுற்று ஓட்டினால் புல் பெயர்ந்து இரண்டு பக்கமும் பள்ளம் விழும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும், அரிக்கும். கரை உடைந்த பிறகு மணல் மூட்டை தூக்கிக்கொண்டு ஓடுவது ஊர்க்காரர்கள். அதுவும் தை மாதம் கண்மாயில் தண்ணீர் நிற்கிற காலம். கீழே வயலில் நெல் அறுப்புக்கு நிற்கும், உள்வாயில் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் அடைந்திருக்கும்.

இன்னொன்று. மேலூர், கீழவளவுப் பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரிகள் உண்டு. வெட்ட வெளியாக, ஓட்டுவதற்கு அழைப்பது மாதிரித் தெரியும். விளிம்பில் தடுப்பே இருக்காது, குழிக்குள் தண்ணீர் எத்தனை ஆள் ஆழம் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகளோடு அந்தத் திசையே வேண்டாம்.

பழங்காநத்தம் ஒர்க்‌ஷாப்

அக்கா சொன்னது மண்ணைப் பற்றி. நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் ஊரில் விற்கும் பெரும்பாலான ஏடிவிக்கு ரோடு பதிவு கிடையாது. பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு சொல்கிறது. கிராமத்துத் தார் ரோடும் பொது இடம்தான். "ஒரு கிலோமீட்டர்தானே, ஓரமாகப் போய்விடலாம்" என்று கிளம்பி யார்மேலாவது இடித்தால் காப்பீடும் கைகொடுக்காது.

சட்டத்தை விடுங்கள், வண்டியே தாருக்கு ஒத்துவராது. பல ஏடிவிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் சுற்றும், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வழுக்கிக் கொடுக்கும். தாரில் வழுக்காது. வண்டி நேராகவே இழுக்கும், நீங்கள் ஹேண்டில்பாரை மடக்குவீர்கள், ஒரு பக்கம் தூக்கிவிடும். டயரில் காற்றும் ஐந்து ஆறு பவுண்டுதான் இருக்கும்.

இதனால்தான் மதுரையில் தங்கி வெளியே ஓட்டுவது சரிவராது. தினமும் காலையில் ஏற்றி, இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்ற வேண்டும். பெரிய ஏடிவி 300 கிலோவைத் தாண்டும். ஒரு குட்டி யானையில் ஒன்றுதான் ஏறும்; தொட்டி ஏழு அடியைக் கொஞ்சம் தாண்டும், வண்டி நீளமும் ஏறக்குறைய அதேதான். ஆக மூன்று வண்டிக்கு மூன்று லோடு. மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜ் வாசலில் மூன்று குட்டி யானையை எங்கே நிறுத்துவீர்கள்?

முதலில் ஓட்டும் நிலத்தைப் பாருங்கள். அந்த நிலத்துக்குள்ளேயே, இல்லாவிட்டால் வேலியை ஒட்டி, தங்கும் வீட்டைப் பாருங்கள். அண்ணன் சொன்ன "வாசலிலிருந்தே தடம்" நம் ஊரில் அப்படி ஒரு வழியில்தான் கிடைக்கும்.

புதூர்வாசி

அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. கரை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

அப்படியானால் மலைப் பக்கம் போய்விடலாமா? கொடைக்கானல், மேகமலை மாதிரி? அங்கே தங்க இடத்துக்குப் பஞ்சமில்லையே.

கம்பத்துக்காரன்

மேகமலைக்கு வழியே இல்லை. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. எஸ்டேட் பங்களாவில் தங்கலாம், தார் ரோட்டில் காரில் போய் வரலாம், அவ்வளவுதான். போடிப் பக்கம் குரங்கணியிலும் கட்டுப்பாடு அதிகம். 2018 மார்ச்சில் அங்கே காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. நாங்கள் அன்றிரவு கீழேயிருந்து அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காய்ந்த புல்லில் சூடான சைலன்சரை எடுத்துக்கொண்டு போகும் பேச்சைக் கேட்டாலே எனக்கு அந்த இரவு ஞாபகம் வரும்.

கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும், அதை மறக்காதீர்கள். ஏடிவி என்று போர்டு வைத்திருக்கும் இடங்கள் மலையூர்களில் உண்டு. ஆனால் டயர் அடுக்கிய சின்ன வட்டத்தில் ஐந்து நிமிடம் சுற்றிவிட்டு இறங்க வேண்டியதுதான். ஆயிரம் மைல் தடத்தில் ஓட்டியவருக்கு அது பத்தாது.

அண்ணனுக்கு மலைப்பாதை பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒன்று செய்யலாம். கேரள எல்லையில் சூரியநெல்லிக்குப் போய்க் கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுங்கள். மலை நம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஜீப் பாதை மட்டும் அந்தப் பக்கம். பாறையும் குழியுமாக அந்த ஏற்றம் யாரையும் ஏமாற்றாது, ஓட்டுவதும் உள்ளூர் ஆள். அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். 68 வயது அம்மாவையும் எட்டு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, மூன்று லோடு வண்டியோடு கொண்டையூசி வளைவு ஏறினால் ஒருநாள் வழியிலேயே போய்விடும்.

நத்தம் மாந்தோப்பு

ஒர்க்‌ஷாப் அண்ணன் சொன்னதுதான் வழி: பட்டா நிலம். நான் நிலம் வைத்திருப்பவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

மதுரையிலிருந்து நத்தம் ரோட்டில் அந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் 2023இல் வந்த பிறகு, நகரத்தைத் தாண்டுவது சுலபமாகிவிட்டது. ஊமச்சிகுளம் தாண்டினால் செம்மண் தொடங்கும். நத்தம் சுற்று வட்டாரத்தில் மேடும் பள்ளமும் ஓடையுமாக நிலம் கிடக்கும். ஏடிவிக்கு இதைவிட நல்ல மண் இந்தப் பக்கம் இல்லை என்பது என் எண்ணம். மழை பெய்து ஒரு மாதம் ஆன செம்மண்ணில் தூசியும் பறக்காது, சக்கரமும் புதையாது.

ஆனால் மாந்தோப்புக்குள் மட்டும் கேட்காதீர்கள். தையிலும் மாசியிலும் மா பூக்கும். அந்த நேரம் பூவில் தூசி படிந்தால் காய் பிடிக்காது, ஒரு வருட வரும்படி போய்விடும். யாராவது பணத்துக்காகச் சரி என்று சொன்னாலும் நீங்கள் ஓட்டாதீர்கள். மா பறித்து முடித்த ஆடியில் ஓட்டலாமே என்றால், அப்போது காற்று கண்ணைத் திறக்க விடாது. அதனால் நீங்கள் தேட வேண்டியது தரிசு. கடலையோ சோளமோ எடுத்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும் மானாவாரி நிலம், ஓரத்தில் தென்னையும் ஒரு தோட்ட வீடும் இருந்தால் போதும்.

நிலத்துக்காரரிடம் போகும்போது எத்தனை வண்டி, எத்தனை மணிநேரம், சத்தம் எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் வண்டியைக் கிளப்பியே காட்டுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒரு ஜல்லிக்கட்டு மாடு நிற்கும். திடீரென்று சத்தம் கேட்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். ஓட்டி முடித்ததும் தடத்தை உழுது கொடுக்கும் செலவு உங்களுடையது என்று முன்னாலேயே ஒத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பேசுகிறவருக்கு நான் நிலம் கொடுப்பேன்.

கடைசியாக, கிணறு. இந்த மண்ணில் பழைய வெட்டுக் கிணறுகள் அங்கங்கே உண்டு. பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை, சுற்றிலும் புதர் மண்டியிருக்கும். நிலம் முழுவதையும் காலால் நடந்து பார்க்காமல் ஒரு சாவியும் திருகாதீர்கள்.

கரிசல் கள்ளிக்குடி

செம்மண்ணா கரிசலா என்று யாராவது யோசித்தால் என் கதையைக் கேளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நண்பர்கள் நான்கு பேர் கார்த்திகை மாதத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் கரிசலில் இரண்டு வண்டி எடுத்தோம். காலையில் நிலம் காய்ந்துதான் இருந்தது. பத்து மணிக்கு ஒரு மழை, அரை மணிநேரம்கூடப் பெய்யவில்லை. கரிசல் நனைந்தால் களி. டயர் பல்லெல்லாம் அடைத்து, சக்கரம் பூசணிக்காய் மாதிரி உருண்டையாகி, வண்டி நின்ற இடத்தில் சுற்றியது. ரேடியேட்டரில் சேறு அப்பிச் சூடு ஏறிவிட்டது. டிராக்டர் வந்து இழுக்கும்போது இரவு எட்டு மணி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். தங்க இடம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு விடுதியில் போட்டிருந்தோம். இடுப்புவரை சேற்றோடு போய் நின்றால் உள்ளே விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வெள்ளைத் தரை, வெள்ளை விரிப்பு. வாசலில் ஒரு குழாய்கூட இல்லை. பக்கத்துப் பெட்ரோல் பங்க்கில் கெஞ்சிக் கால் கழுவிக்கொண்டு, சாப்பாட்டுக் கடையெல்லாம் அடைத்துவிட்டதால் பிஸ்கட்டோடு படுத்தோம். ஒருவனுக்கு மறுநாள் காய்ச்சல்.

அதிலிருந்து தங்கும் இடத்தைப் பற்றி நான் கேட்பதெல்லாம் வேறு. கட்டில் எத்தனை என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். வாசலில் குழாய் உண்டா, மோட்டார் போட்டால் ஹோஸில் தண்ணீர் வேகமாக வருமா? சேற்றுக் காலோடு நேரே போகும் மாதிரி வெளியே ஒரு குளியலறை உண்டா? கேட்டின் அகலம் லோடு வண்டி திரும்புகிற அளவுக்கு இருக்கிறதா? இரவில் கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? காலை ஆறரைக்கு இட்லி வேண்டுமென்றால் யார் அவிப்பார்கள்? முக்கியமாகப் பெண்கள் புழங்க வசதியான கழிப்பறை உண்டா? இதைப் போனில் கேட்டால் எல்லோரும் "இருக்கு சார்" என்பார்கள். ஒருநடை நேரில் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள்.

எலும்பு வார்டு சிஸ்டர்

நான் பதினெட்டு வருடமாக எலும்பு முறிவு வார்டில் வேலை பார்க்கும் செவிலியர். பிள்ளைகள் மூன்று பேர் வருகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

எட்டு வயதுப் பிள்ளை ஓட்ட வேண்டாம். முன்னால் உட்கார வைத்துக்கொண்டும் ஓட்ட வேண்டாம். "மெதுவாகத்தான் போவோம்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஏடிவியில் ஆக்சிலேட்டர் கட்டைவிரலால் அழுத்துவது. குலுக்கலில் பிள்ளை கைப்பிடியைப் பற்றும்போது அதையும் சேர்த்து அழுத்திவிடும். என் சொந்த அண்ணன் மகனுக்கு ஒரு மலையூரில் அப்படித்தான் நடந்தது. வண்டி கவிழ்ந்து தந்தை மேலேயும் மகன் கீழேயும். தொடை எலும்பு. ஆறு வாரம் அந்தக் குழந்தை மல்லாந்து படுத்தபடியே இருந்தான். இன்றும் அவனை ஓடும்போது பார்த்தால் என் கண் அந்தக் காலுக்குத்தான் போகும். ஒரு ஆள் ஓட்டச் செய்த வண்டியில் இரண்டாவது ஆளை ஏற்றுவதே தப்பு. பாரம் பின்னால் போனால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும்.

16 வயது ஆகாதவர்கள் பெரிய வண்டியைத் தொடக் கூடாது என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே சொல்கிறது. அண்ணனுக்கு இது தெரிந்திருக்கும். ஆக உங்கள் 15 வயதுப் பிள்ளைக்கும் சின்ன வண்டிதான். முகம் வாடும், பரவாயில்லை.

தலைக்கவசம் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் இருக்க வேண்டும். பெரியவருடையதைப் பிள்ளைக்கு மாட்டித் துணி வைத்து அடைக்காதீர்கள். கணுக்கால் மூடும் ஷூ, முழுக்கை, கையுறை. துப்பட்டாவும் தொங்கும் கயிறும் வேண்டாம்.

தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கிருந்து நத்தம் அரசு மருத்துவமனைக்குக் காரில் எத்தனை நிமிடம் என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய அடி என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனைதான். 108க்குச் சொல்ல வழியும் அடையாளமும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். பதற்றத்தில் வெளியூர்க்காரருக்கு ஊர்ப் பெயர் நாக்கில் வராது. கழற்றிப் போட்ட ஷூவை மறுநாள் உதறிவிட்டு மாட்டுங்கள். தோட்ட வீட்டில் பூச்சி பொட்டு இருக்கும்.

புதூர்வாசி

சிஸ்டர், உங்கள் பதிவை அண்ணனுக்கு அப்படியே அனுப்பினேன். "அவர் சொல்வதுதான் சரி, சின்னவன் ஏற மாட்டான்" என்று உடனே பதில் வந்தது.

நேற்று நேரில் போய் வந்தேன். மாமாவுக்குத் தெரிந்தவர் நிலம், நத்தத்துக்கு வடக்கே கரந்தமலை பார்வையில் பதினான்கு ஏக்கர். கடலை எடுத்த தரிசு. காப்புக்காட்டு எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று அவரே கூட்டிப் போய்க் காட்டினார், நிலத்திலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. மூன்று அறை வீடு, சுற்றிலும் திண்ணை, வெளியே குளியலறை ஒன்று. குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் நன்றாக வருகிறது. ஒன்பது பேருக்கு மூன்று அறை நெருக்கம்தான். ஆனால் மதுரையில் நல்ல அறையெடுத்து அலைவதைவிட இது மேல் என்று அண்ணியே சொல்லிவிட்டார். சமையலுக்குத் தோட்டக்காரர் மனைவி ஒத்துக்கொண்டார்.

தேதி மட்டும் கேட்க வேண்டும். பொங்கலை ஒட்டியே வைத்துக்கொண்டால் அண்ணனுக்கு லீவு மிச்சமாகும்.

நத்தம் மாந்தோப்பு

பொங்கலை ஒட்டி வேண்டாம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த நாள் ஜல்லிக்கட்டு. ரோடெல்லாம் கூட்டம், லோடு வண்டிக்கு ஆள் கிடைக்காது, மதுரையில் அவசரத்துக்குக்கூட அறை கிடைக்காது. நீங்கள் முதலில் சொன்ன அடுத்த வாரமே சரி. சித்திரையில் அழகர் இறங்கும் நாட்களையும் இதேபோல் தவிர்க்க வேண்டும், பின்னால் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

பழங்காநத்தம் ஒர்க்‌ஷாப்

இடம் கேட்கவே நன்றாக இருக்கிறது. வாடகை வண்டிகளை ஏற்றுவதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டுங்கள். நான் பார்ப்பது இவ்வளவுதான்: ஆக்சிலேட்டரை அழுத்தி விட்டால் தானாகத் திரும்புகிறதா, பிரேக், கில் சுவிட்சுக் கயிறு (இழுத்தால் என்ஜின் அணையும்), சக்கரத்து நட்டு. சின்ன வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு ஒன்று இருக்கும், அதை இறுக்கித் தருகிறேன்.

தரிசு என்றால் சீமைக்கருவேலம் இருக்கும். அந்த முள் ஏடிவி டயரில் வெண்ணெயில் ஊசி இறங்குவது மாதிரி இறங்கும். ட்யூப்லெஸ் பஞ்சர் குச்சி பத்து, ஒரு கையடக்கக் கம்ப்ரஸர், குறைந்த அழுத்தம் காட்டும் மானி வேண்டும். பங்க்கில் உள்ள மானி ஐந்து பவுண்டைச் சரியாகக் காட்டாது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தினமும் கழற்றிக் கழுவி, காய வைத்து, எண்ணெய் தடவிப் போடுங்கள். செம்மண் தூசி என்ஜினுக்குள் போனால் பிஸ்டன் போய்விடும்.

ஓட்டத் தெரியாதவர்களுக்கு அண்ணன் முதல் ஒரு மணிநேரம் வகுப்பு எடுக்கட்டும். ஏற்றத்தில் உடம்பை முன்னால் கொண்டுபோக வேண்டும், இறக்கத்தில் பின்னால். சரிவில் குறுக்கே போனால் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். பைக் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் திருப்பத்தில் காலைக் கீழே ஊன்றப் பார்ப்பார்கள். இதில் ஊன்றினால் பின்சக்கரம் அந்தக் கால்மேலேயே ஏறும். கால் எப்போதும் மிதியில்தான். ஏற்றத்தில் நின்றுபோனால் பின்னால் உருள விடாமல் பிரேக்கைப் பிடித்து, மேட்டுப் பக்கமாக இறங்கிவிடுங்கள்.

சனிக்கிழமை கடைக்கு லீவு விடுகிறேன். வேண்டுமென்றால் நானும் வருகிறேன், சாப்பாடு போட்டால் போதும்.

புதூர்வாசி

போய் வந்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய், வெளிச்சம் இருக்கும்போது தோட்டக்காரரோடு நிலம் முழுவதும் நடந்தோம். இரண்டு கிணறு இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றுக்குச் சுவர் இருந்தது. மற்றொன்று நான் மனசுக்குள் தடம் போட்டிருந்த வளைவுக்குப் பத்தடி தள்ளி, ஆவாரம் புதருக்குள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அண்ணன் விளிம்பில் நின்று ஒரு கல்லைப் போட்டார். தண்ணீர்ச் சத்தம் வர நேரமானது. அதற்குப் பிறகு அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அந்தப் பக்கம் முழுவதையும் விட்டுவிட்டு மேற்கே தடத்தை மாற்றினோம். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, அம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கம்புகளில் கட்டினோம். பக்கத்துத் தோட்டத்தில் பன்றிக்காகப் போட்ட சோலார் மின்வேலி இருந்தது; ஓட்டும் நேரம் மட்டும் அணைத்து வைத்தார்கள்.

ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டர் கொஞ்சம் குறையும். வரைபடத்தில் பார்த்தபோது எனக்கே சின்னதாகத் தெரிந்தது. ஆனால் ஒரு ஓடை, இரண்டு மேடு, தென்னை வரிசைக்கு நடுவே ஒரு நீளம். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பனி விலகும்போது அண்ணன் தனியாக முதல் சுற்றுப் போனார். திரும்பி வந்து கண்ணாடியைக் கழற்றியபோது முகம் முழுக்கச் செம்மண், கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை. "அங்கே ஆயிரம் மைல் ஓட்டினேன், மண் வாசனை இப்படி வந்ததில்லை" என்றார்.

ஏழிலிருந்து பத்தரை வரை, பிறகு மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை ஓட்டினோம். நடுவில் வெயில் தாங்காது. அந்த இடைவேளைதான் எங்களுக்குப் பெரிய வரம். வீடு தடத்தின் ஓரத்திலேயே இருந்ததால் களைத்தவர் வந்து திண்ணையில் படுத்தார், அடுத்தவர் எழுந்து போனார். அம்மா எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே மொச்சை உரித்தார். மதுரையில் லாட்ஜ் போட்டிருந்தால் அம்மா அறையில் தனியாக டிவி பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

15 வயதுப் பெண் முதலில் முறைத்தாள். 90 சிசியில் ஓடை இறக்கத்தை அவள் இறங்கின விதம் பார்த்து ஒர்க்‌ஷாப் அண்ணனே கை தட்டினார். 12 வயதுப் பையன் வீட்டு முன்னால் சமதரையில் மட்டும், கூடவே ஒருவர் நடந்துகொண்டு. சின்னவன் பச்சைக்கொடி சிவப்புக்கொடி பிடித்து இரண்டு நாளும் எல்லோரையும் அதட்டினான்.

பஞ்சர் மொத்தம் ஐந்து. ஞாயிறு மதியம் மச்சான் ஒரு மேட்டில் நின்றுபோய்ப் பதறி இறங்கினதில் மணிக்கட்டுச் சுளுக்கு. நத்தம் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, முறிவு இல்லை என்று அனுப்பினார்கள். கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத்தான் அண்ணி வழி சொன்னார். சிஸ்டருக்கு எங்கள் வீட்டிலிருந்து எல்லோரும் நன்றி சொல்லச் சொன்னார்கள்.

வண்டி வாடகையைவிட ஏற்றி இறக்கிய லோடுக் கூலி அதிகமாக ஆனது, திட்டமிடுகிறவர்கள் கவனியுங்கள். வெளியே இருந்த ஒரு குளியலறைக்கு ஐந்து பேர் வரிசையில் நின்றது கஷ்டம். இரண்டு இருந்தால் நல்லது. திங்கட்கிழமை தடத்தை டிராக்டர் விட்டு உழுது கொடுத்தோம். நிலத்துக்காரர், ஆடிக்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், ஆடியில் கடலை போட்டுவிடுவேன் என்றார்.

மேலூர்க் கலுங்கு

படித்ததும் நிம்மதியாக இருந்தது தம்பி. அந்த ஆவாரம் புதர்க் கிணற்றை அப்படியே விட்டுவிட்டா வந்தீர்கள்?

புதூர்வாசி

இல்லை அக்கா. சுற்றி முள் வெட்டிப் போட்டுவிட்டு வந்தோம். கைப்பிடிச் சுவர் கட்டக் கல்லும் சிமெண்டும் அண்ணன் பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வரும் வியாழக்கிழமை கொத்தனார் வருகிறார், நானும் போகிறேன்.